ஸ்டாஃப் ரூமைப் பூட்டிவிட்டு மன உறுதி கேட்கலாமா?

ஆசிரியர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள் என்று சொன்னால் இன்று யாரும் மறுப்பதில்லை. கல்வித் துறை அதிகாரிகள் ஒப்புக்கொள்கிறார்கள், தனியார் பள்ளித் தாளாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், செப்டம்பர் 5 அன்று மேடையேறுகிறவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலில் வந்து நிற்கிறார்கள். ஆசிரியருக்கு மன உறுதி வேண்டும். மூச்சுப் பயிற்சி செய்யட்டும், தியானம் பழகட்டும், நல்ல பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டு அரைநாள் ஊக்கவுரை கேட்க வைக்கலாம் என்கிறார்கள். இந்தப் பதிலுக்கு ஓர் அடுத்த பாதியும் இருக்கிறது, அதை இவ்வளவு நயமாகச் சொல்வதில்லை: ஆசிரியர்கள் கூடிப் பேசுவது வெட்டிப் பேச்சு, சங்கம் என்பது சுயநலம், ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் சேர்ந்தால் வேலை கெட்டது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பெற்றோரிடம் பேசினாலும் சரி, பள்ளி நடத்துகிறவர்களிடம் பேசினாலும் சரி, இந்த இரண்டு பாதியும் சேர்ந்தேதான் வரும். உறுதி என்பது ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் இருக்கிற சரக்கு என்று முதலில் முடிவுகட்டிவிட்டால், பிறகு கூடுவதெல்லாம் வீண் என்றுதான் படும். இந்த முதல் முடிவே தவறு என்பது என் வாதம். ஆசிரியர்கள் தாக்குப்பிடித்த இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தால், அங்கே நேரத்தையும் பணத்தையும் வேலையையும் தகவலையும் ஒருவருக்கொருவர் பங்கிட்டுக்கொள்ள ஏதோ ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை அறுத்துவிட்டு உறுதியை மட்டும் கேட்பது நடக்காத காரியம்.

ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓமலூர், வாழப்பாடி, சேந்தமங்கலம், மோகனூர்ப் பக்கமெல்லாம் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்றால் அவர் போயாக வேண்டும். அன்றைக்கு மற்றவர் தனி ஆள். காலை உணவு முடிந்ததா என்று பார்க்க வேண்டும், செயலியில் வருகைப் பதிவு போட வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைக்கும் தனித்தனி வேலை கொடுக்க வேண்டும். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அதே அறையின் அடுத்த மூலையில் காத்திருக்கும். மதியம் சத்துணவு முட்டை எண்ணிக்கை, பிற்பகல் யாராவது ஒரு பிள்ளைக்கு வாந்தி, வீட்டுக்குத் தகவல். அப்பா தறிக்குப் போயிருப்பார், அம்மா சேகோ ஆலைக்குப் போயிருப்பார். இந்த ஆசிரியைக்கே காய்ச்சல் என்றால் சி.எல். போட முடியாது, ஏனென்றால் இன்னொருவர் ஏற்கெனவே வெளியே இருக்கிறார். இவருக்கு எந்த யோகா வகுப்பு உதவும்? உதவுவது ஒன்றுதான்: பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் வந்து அந்த ஒரு நாளைத் தாங்குவது. முந்தின இரவே யாரோ ஒரு சக ஆசிரியர் தான் தயாரித்த பயிற்சித்தாளை வாட்ஸப்பில் அனுப்பி வைப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். இந்த உதவிகளை வாங்கித் தருவது பழக்கமும் நம்பிக்கையும். அவை கூடிப் பேசிய இடத்தில்தான் விளைந்தவை.

இதே உண்மையை நாட்டின் உச்ச நீதிமன்றமே அண்மையில் வேறொரு விஷயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, செயலியில் ஏற்றும் வேலை வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் தலையில் விழுந்தது. அவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அந்த வாரங்களில் கேரளம், ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களிலிருந்து இந்தப் பணியில் இருந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. இறந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. அப்போதும் சிலர், இவ்வளவு மென்மையான மனசா, முன்பெல்லாம் இப்படியா என்று கேட்டார்கள். டிசம்பர் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் மனசைப் பற்றிய பேச்சே இல்லை. கூடுதல் ஆட்களை நியமித்து வேலைச் சுமையைக் குறையுங்கள், தக்க காரணத்தோடு விலக்கு கேட்பவரின் கோரிக்கையைத் தனித்தனியே பரிசீலியுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கொடுத்த மருந்து அது. ஆள் குறைவால் வந்த நெருக்கடியை ஆளைக் கொண்டுதான் தீர்க்க முடியும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தாமல், பணியிடத்தில் சரிசெய்யப்படாத நாட்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. வரையறையிலேயே பணியிடம் இருக்கிறது. நம் பயிற்சி முகாம்களில்தான் அது காணாமல் போய்விடுகிறது.

ஆசிரியர் தொழிலின் தனிமையை முதலில் கூர்மையாகக் கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்டி. 1975இல் வந்த தன் நூலில் அவர் பள்ளிக்கூடத்தை முட்டை அட்டைக்கு ஒப்பிட்டார். நாமக்கல்காரருக்கு அந்த ஒப்புமையை விளக்க வேண்டியதில்லை: ஒவ்வொரு முட்டையும் தன் குழியில் பத்திரமாக இருக்கும், பக்கத்து முட்டையைத் தொடாது. அடுத்தடுத்த அறையில் 20 ஆண்டு பாடம் நடத்தியும் ஒருவர் எப்படிக் கற்பிக்கிறார் என்று இன்னொருவருக்குத் தெரியாமலே போகும் நிலையைத்தான் அவர் சொன்னார். இந்தத் தனிமையை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் 2001 முதல் 2005 வரை 100 பள்ளிகளைச் சேர்ந்த 300 ஆசிரியர்களைக் கிறிஸ்டஃபர் டே, சிங் கு உள்ளிட்ட ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஓர் ஆசிரியரின் தாங்கும் சக்தி பிறவியில் வந்து அப்படியே நிற்பதில்லை. தலைமையாசிரியரின் ஆதரவு, சக ஆசிரியர் உறவு, வீட்டு நிலைமை ஆகியவற்றுக்கேற்ப ஒரே ஆளிடமே கூடுகிறது, குறைகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் மேத்யூ கிராஃப்ட்டும் ஜான் பேப்பேயும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் சூழல் வலுவாக இருந்த பள்ளிகளில் பணியாற்றியவர்கள், அது நலிந்திருந்த பள்ளிகளில் பணியாற்றியவர்களைவிட, பத்தாண்டுகளில் 38 சதவீதம் கூடுதலாக மேம்பட்டிருந்தார்கள். அளவுகோல் மாணவர்களின் தேர்வு மதிப்பெண். ஸ்டாஃப் ரூம் பேச்சு பிள்ளைகளின் நேரத்தைத் திருடுகிறது என்பவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அயல்நாட்டு ஆய்வு நமக்கு எதற்கு என்றால், நம் ஊர் வரலாறே போதுமான சான்று தரும். தென்னிந்திய ஆசிரியர் சங்கம் சென்னையில் தோன்றியது 1909இல். ஓய்வூதியம் என்ற சொல்லே பெரும்பாலான பள்ளி ஆசிரியர்களுக்கு எட்டாதிருந்த காலம் அது. உறுப்பினர்களின் குடும்பங்களுக்கென்று அந்தச் சங்கம் ஒரு பாதுகாப்பு நிதியையும் நடத்தியது. பின்னாளில் வட்டாரந்தோறும் வந்த ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் அதே யோசனையின் இன்னொரு வடிவம். அதை வெறும் கடன் தரும் கடை என்று நினைக்கிறவர்கள் அதன் ஜாமீன் கையெழுத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் கடன் வாங்க உடன் பணியாற்றும் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். வாங்கியவர் கட்டத் தவறினால் ஜாமீன் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். மகள் கல்யாணத்துக்கும் மனைவியின் ஆபரேஷனுக்கும் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் ஓர் ஆசிரியரைக் காப்பாற்றியது அந்தக் கையெழுத்துதான். தன் சம்பளத்தைப் பணயம் வைத்து ஒருவர் இன்னொருவருக்குக் காட்டும் நம்பிக்கை இது. இதைவிடப் பெரிய மனநலத் திட்டம் எதையும் எந்த அரசும் ஆசிரியர்களுக்குத் தந்ததாக நான் நினைக்கவில்லை. அரசுக்கும் இந்த உண்மை ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. ஆசிரியர் நாள் கொண்டாடத் தொடங்கிய 1962ஆம் ஆண்டிலேயே ஆசிரியர் நலனுக்கான தேசிய அறநிதியையும் உருவாக்கினார்கள். மாலையோடு பணமும் வேண்டும் என்று அப்போது யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கொரோனா காலம் இந்த உண்மையைக் கொடூரமாக உறுதிப்படுத்தியது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின் நடுவே, உத்தரப்பிரதேசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தினார்கள். ஆசிரியர்கள் தேர்தல் பணிக்குப் போனார்கள். அதன்பின் கொரோனாவில் இறந்தவர்கள் என்று அந்த மாநிலத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் மாவட்ட வாரியாக 1,621 பெயர்களைத் திரட்டி வெளியிட்டது. தேர்தல் பணியில் இறந்தவர்கள் 3 பேர்தான் என்றது மாநில அரசு. வீட்டிலிருந்து புறப்பட்டுப் பணி முடித்துத் திரும்புவதற்குள் இறந்தால்தான் கணக்கு என்பது அன்றைய விதி. பெயர், பள்ளி, இறந்த தேதி என்று சங்கம் வைத்த பட்டியலை யாராலும் ஒதுக்க முடியவில்லை. பணி நாளிலிருந்து 30 நாளுக்குள் கொரோனாவால் இறந்தாலும் இழப்பீடு உண்டு என்று விதியை மாற்ற வேண்டிவந்தது. எந்த விதவையும், எந்த அநாதைப் பிள்ளையும் தன் மன உறுதியால் தனியாக இதைச் சாதித்திருக்க முடியாது. அதே மாநிலத்தில் 2020இல் தொடங்கிய டீச்சர்ஸ் செல்ஃப் கேர் டீம் என்ற ஆசிரியர் குழு இன்னொரு வழி கண்டது: உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு சிறு தொகையை அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகப் போட்டுவிடுவார்கள், இடையில் பொது உண்டியல் கிடையாது, கையாடலுக்கும் வழியில்லை. பட்டியல் எழுதுவது, பணம் அனுப்புவது என்று கேட்பதற்குச் சாதாரண வேலைகள்தான் இவை. துக்கத்தில் இருப்பவரை நிமிர வைத்தவையும் இவைதான்.

தனிமனித உறுதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நாமக்கல் மண்ணிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகன் நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 2015 ஜனவரியில் அவருடைய நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. மாவட்ட நிர்வாகம் அமைதிப் பேச்சு என்று அழைத்தது. அங்கே எழுதி வாங்கியதில் அவர் கையெழுத்திட நேர்ந்தது. இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். குடும்பத்தோடு ஊரை விட்டுச் சென்னைக்கு மாறுதல் வாங்கிப் போனார். வறண்ட நிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, படித்து, பல நாவல்கள் எழுதிய மனிதருக்கு மன உறுதி போதவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? ஊர் ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம் நிற்க, நடுவில் ஓர் ஆளை உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் நடப்பது அதுதான். நிலைமையை மாற்றியது வேறு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சில் எட்டிய முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. எழுத்து திரும்பி வந்தது. அவரிடம் உறுதி முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. இடையில் வந்து சேர்ந்தது பக்கத்துணை.

சங்கம் என்றாலே வேலைநிறுத்தம்தானே, பிள்ளைகள் படிப்பு போகிறதே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகை வெட்டுக்கு எதிராக அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது அத்தியாவசியப் பணிகளைக் காக்கும் டெஸ்மா சட்டத்தின் கீழ் ஒரே வீச்சில் சுமார் 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றே சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பணிக்குத் திரும்பினார்கள். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் கைது, 17(பி) விதியின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை, இடமாற்றம் எல்லாம் நடந்தன. பொதுத்தேர்வு நெருங்கிய நேரத்தில் பள்ளிகள் முடங்கின. அந்த ஒன்பது நாளில் ஏழைப் பிள்ளைகள்தான் இழந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எடப்பாடியின் பிள்ளையும் இழந்தது, எடப்பாடியிலிருந்து போன முதலமைச்சரின் அரசு அதைக் காரணம் காட்டியும் பேசியது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகளை 2021 பிப்ரவரியில் அதே அரசே திரும்பப் பெற்றது. ஆனால் வேலைநிறுத்தம் என்பது சங்கங்கள் ஆண்டு முழுக்கச் செய்கிற வேலையில் ஒரு சிறு பகுதி. மீதிப் பகுதி செய்தியில் வராது: இறந்தவரின் மனைவிக்குக் குடும்ப நல நிதி விண்ணப்பம் எழுதித் தருவது, பணிப்பதிவேட்டில் விட்டுப்போன பதிவைச் சேர்க்க கருவூலத்துக்கு நடப்பது, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு விதியைச் சொல்வது. நம் பத்திரிகைகளும் கொடி பிடித்த படத்தை மட்டுமே போட்டுப் பழகிவிட்டன. போராட்ட நாளை வைத்து மட்டும் ஓர் அமைப்பை எடைபோடுவது சரியான தீர்ப்பாகாது.

மாதம் அறுபதாயிரம், எண்பதாயிரம் வாங்குகிறவருக்கு என்ன ஆதரவு வேண்டிக் கிடக்கிறது, தறிப்பட்டறையில் 12 மணி நேரம் நிற்கிறவனுக்கு யார் ஆதரவு என்று பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் கேட்பார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஆசிரியர் என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காத கோபம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மே மாதம் சம்பளம் இல்லை என்பது அன்றைய ஏற்பாடு. பத்தாண்டுக்கு மேல் கழித்து அது 12,500 ஆனது. இதற்கும் கீழே இருப்பவர்கள் தனியார் பள்ளி ஆசிரியர்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளைப் பிராய்லர் பள்ளி என்று கிண்டலாகச் சொல்கிறோம். பிள்ளைகளின் நிலைமைக்காகவாவது அந்தப் பேச்சில் இரக்கம் இருக்கிறது. விடியற்காலைப் படிப்பு நேரத்திலிருந்து இரவுப் படிப்பு நேரம் வரை அதே பிள்ளைகளோடு கட்டிப்போடப்பட்ட ஆசிரியரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சென்டம் எத்தனை என்பதுதான் அவருக்கான மதிப்பீடு. 2017இல் அரசு ரேங்க் பட்டியலை ஒழித்தது மாணவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது. ஆசிரியர் மேலிருந்த அழுத்தத்தை நிர்வாகங்கள் குறைக்கவில்லை. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் உண்டு.

அந்தத் தனியார் பள்ளி ஆசிரியர் எங்கே போய் முறையிடுவார்? 1988இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு இல்லை. பணிக்கொடைக்கும் அதே கதி வந்தது: 2004இல் அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் தொடுத்த வழக்கு தோற்றது, பணிக்கொடைச் சட்டம் ஆசிரியரைக் குறிக்காது என்றது நீதிமன்றம். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்து பொருந்தும்படி ஆசிரியரையும் உள்ளே கொண்டுவந்தது. தனியார் பள்ளி முதலாளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்டில் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இன்று திருச்செங்கோட்டில் ஒரு மெட்ரிக் பள்ளி ஆசிரியை ஐந்தாண்டு முடித்து விலகும்போது பணிக்கொடை கேட்க முடிகிறது என்றால், அதன் தொடக்கம் எங்கோ குஜராத்தில் தோற்றுப்போன ஒரு சங்கத்தின் வழக்கு. தறிக்காரர் கோபத்துக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஆசிரியருக்கு இருக்கும் ஆதரவைப் பறித்தால் தறிக்காரருக்கு அது போய்ச் சேராது. தறிக்காரருக்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் இல்லாத ஒன்று அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இருக்கிறதென்றால், அது அமைப்பாகச் சேர்ந்திருப்பது. கொரோனாவில் வருமானம் இழந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குத் தெலங்கானா அரசு 2021 ஏப்ரலில் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் அறிவித்தபோது, அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று ஓர் அரசாவது கணக்கில் எடுத்தது.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்பு ஒன்று உண்டு, அதைச் சுற்றிப் போகக் கூடாது. ஒருவரையொருவர் தாங்குகிறோம் என்ற பெயரில் தப்பு செய்தவனையும் தாங்கிவிடுகிறார்களே? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவியரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய கொடுமை வெளியே வந்தபோது, தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். அரசுப் பள்ளிகளிலும் இப்படி மூடி மறைத்த சம்பவங்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்காகச் சங்கக்காரர்கள் சமரசம் பேசப் போனதும் உண்டு. அது வெட்கக்கேடு. போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமலிருப்பதே தண்டனைக்குரிய குற்றம். எந்தச் சங்கமும் அதற்கு விலக்கு கோர முடியாது. ஆனால் மௌனம் எங்கே அதிகம் செழிக்கிறது என்று பாருங்கள். வேலை போய்விடும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பயந்து, எல்லாம் மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்று வாய் மூடுகிற இடத்தில்தான். ஒரு பெண் பிள்ளையின் முகம் மாறியிருப்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியை. அவர் தன் சந்தேகத்தைப் பயமில்லாமல் சொல்ல இன்னொரு ஆசிரியை வேண்டும். இருவரும் சேர்ந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தால் இருவரையும் வேலையை விட்டுத் துரத்துவது ஒருவரைத் துரத்துவதுபோல் எளிதல்ல. நல்ல பக்கத்துணை பிள்ளைகளுக்குக் காவலாகும் இடம் இது.

மனநல ஆலோசனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமில்லாமல், அழுகை அடங்காமல் இருப்பவருக்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும்; சக ஆசிரியரின் அன்பு அதற்கு ஈடாகாது. தியானத்தால் அமைதி கிடைத்ததென்று சொல்கிறவர்களையும் மறுக்கத் தேவையில்லை. ஆள் போடாமல், நேரம் தராமல், செயலிகளைக் குறைக்காமல், அதற்குப் பதிலாக அரைநாள் ஊக்கவுரையை வைத்துக் கணக்கை முடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். தாங்க முடியாதவர் பலவீனமானவர் என்ற பழியையும் கூடவே சுமத்துகிறது அந்த ஊக்கவுரை.

இந்த வாதம் இப்போது ஏன் அவசரம் என்றால், 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், எத்தனை ஆண்டு பணி முடித்திருந்தாலும், இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் பணியில் நீடிக்க முடியாது. மாநில அரசு மறுஆய்வு மனு போட்டிருக்கிறது. மனுவை நம்பி யாரும் சும்மா இருக்க முடியாது. தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது ஆறு லட்சத்துக்கு மேல் எழுதினார்கள், தேறியவர்கள் சுமார் 2,450 பேர். 48 வயதில், வீட்டில் மாமியாருக்கு மருந்து கொடுத்து, பள்ளியில் ஐந்து வகுப்பையும் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் குழந்தை உளவியல் புத்தகத்தை விரிக்கும் ஓர் ஆசிரியைக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும்? அவருடைய வட்டாரத்திலேயே இந்தத் தேர்வில் தேறிப் பணிக்கு வந்த இளையவர்கள் இருக்கிறார்கள். வயதிலும் பணியிலும் மூத்தவர் இளையவரிடம் உட்கார்ந்து கணக்கு கேட்டுப் படிப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. அந்த இளையவர் பணியில் சேர்ந்த புதிதில் ஒன்றாம் வகுப்பை எப்படிச் சமாளிப்பது என்று இவரிடம்தான் கேட்டிருப்பார்.

இப்படிக் கூடிப் படிக்க இடம் ஏற்கெனவே இருக்கிறது: அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் குறுவள மையக் கூட்டம். இன்று அது மேலிருந்து வரும் பவர்பாயிண்ட்டை ஓட்டிக் காட்டி, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுக் கலையும் கூட்டமாக இருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஒரு காரியம் செய்யலாம்: 2027 செப்டம்பர் வரையிலாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் பாதி நேரத்தை ஆசிரியர்களிடமே விட்டுவிடுங்கள். அறிக்கை கேட்க வேண்டாம், படம் கேட்க வேண்டாம். பகுதிநேர ஆசிரியர்களையும் அதற்கு அழையுங்கள்; பக்கத்துத் தனியார் பள்ளி ஆசிரியர் வர விரும்பினால் நாற்காலி போடுங்கள். ஒன்றியத்துக்கு நான்கைந்து பதிலி ஆசிரியர்களை நியமித்து, ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பெடுத்தால் அன்றே போகும்படி செய்யுங்கள். அந்தப் பதவிகளுக்கான சம்பளச் செலவைக் கணக்குப் போட்டு அடுத்த மானியக் கோரிக்கையிலேயே வையுங்கள்.